மேகத்துளி சைஸ சாட்டிலைட் எப்படி சொல்லுது? (கேள்வி பதில்)

கடலுக்கு மேல தாழ்வா படர்ற தண்ணி மேகங்கள சாட்டிலைட்ல எப்படி ஆராயுறாங்கன்னு கேள்வி இருந்தா போடுங்கன்னு சொல்லியிருந்தேன், நெறையவே வந்துருச்சு. ஒரே மாதிரி இருந்தத சேர்த்து ஒண்ணாக்கிட்டேன்.

கேள்வி: அண்ணா, நான் பிளஸ் டூ. 700 கிலோமீட்டர் மேல இருந்து 10 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) துளி எப்படி தெரியும்? கேமரா அவ்ளோ பவரா?

துளிய கேமரா பாக்கவே இல்ல தம்பி. டெர்ரா, அக்வா சாட்டிலைட்ல இருக்கிற மோடிஸ் கருவிக்கு இந்த வேலைல ஒரு பிக்சலே 1 கிலோமீட்டர். அது அளக்குறது மேகத்துல பட்டு திரும்புற சூரிய வெளிச்சத்த, அதுவும் ரெண்டு அலைநீளத்துல. கடலுக்கு மேலன்னா ஒண்ணு 0.86 மைக்ரான், அத தண்ணி உறிஞ்சாது, அதனால மேகம் எவ்ளோ அடர்த்தியோ அவ்ளோ பளிச்சுன்னு தெரியும். இன்னொண்ணு 2.1 மைக்ரான், இத தண்ணி கொஞ்சம் உறிஞ்சும், துளி பெருசா இருந்தா வெளிச்சம் தண்ணிக்குள்ள அதிக தூரம் போகணும், அதனால திரும்பி வர்றது மங்கிடும். முதல்ல பளிச், ரெண்டாவதுல மங்கல்னா அடர்த்தியான மேகம், பெரிய துளி. கம்ப்யூட்டர்ல முன்னாடியே கணக்கு போட்டு வச்சிருக்கிற டேபிள்ல இந்த ரெண்டு நம்பரையும் வச்சு தேடினா அடர்த்தியும் துளி ஆரமும் கிடைக்கும். 1990ல நாகாஜிமா, கிங்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க எழுதின முறை, இன்னிக்கும் அதான் ஓடிட்டிருக்கு.

கேள்வி: அதுல இருந்து மேகத்துல எவ்ளோ தண்ணி இருக்குன்னு சொல்லிடலாமா சார்?

சொல்லலாம், ஆனா ஒரு கண்டிஷன். ஒளியியல் அடர்த்தி (மேல சொன்ன அடர்த்திதான், வெளிச்சத்த மேகம் எவ்ளோ மறிக்குதுங்கிற நம்பர்) 10, துளி ஆரம் 12 மைக்ரான்னு வச்சுக்கோங்க. ரெண்டையும் பெருக்கி அதுல மூணுல ரெண்டு பங்கு எடுத்தா 80, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு மேல இருக்கிற மொத்த மேகத்துலயும் 80 கிராம் தண்ணி. அவ்ளோ பெரிய வெள்ளப் போர்வைல அரை டம்ளர் கூட இல்ல! ஆனா இது மேகம் அடில இருந்து உச்சி வரைக்கும் ஒரே துளி சைஸ்னு நெனச்சு போட்ட கணக்கு. நெசத்துல காத்து மேல ஏற ஏற துளி வளரும், அத சேர்த்துக்கிட்டா மூணுல ரெண்டுக்கு பதிலா ஒம்பதுல அஞ்சு, விடை 67 கிராம் கிட்ட வந்துரும். சாட்டிலைட் டேட்டா மாறவே இல்ல பாருங்க, நாம நெனச்சது மட்டும்தான் மாறுச்சு. ஆராய்ச்சி பேப்பர் படிக்கும்போது எந்த கணக்குன்னு மொதல்ல பாருங்க.

கேள்வி: ராத்திரி என்ன பண்ணுவாங்க?

சூரியன் இல்லன்னா மேல சொன்ன முறை படுத்துரும். கடல்னா மைக்ரோவேவ் கதிர அளக்குற கருவி இருக்கு, ஜப்பானோட ஏஎம்எஸ்ஆர்2 மாதிரி. மைக்ரோவேவ்ல கடல் குளிர்ச்சியா தெரியும், மேகத்தண்ணி அதுக்கு மேல சூடா எடுத்துக்காட்டும். நிலமே மைக்ரோவேவ்ல சூடா தெரியுறதால மேகம் அதுல கரைஞ்சு போயிடும், அதனால நிலத்துக்கு இது சரிப்படாது.

கேள்வி: ஜீரோ டிகிரிக்கு கீழ போனா ஐஸ் மேகம்தானே?

இல்லீங்க. சுத்தமான சின்னத் துளி மைனஸ் 38 டிகிரி பக்கம் வரைக்கும் தண்ணியாவே இருக்க முடியும். அதனால வெப்பநிலைய மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. 2006ல இருந்து 2023 வரை ஓடின கலிப்சோ சாட்டிலைட்ல லேசர் இருந்துச்சு, உருண்டை துளில பட்டு நேரா திரும்பற ஒளியோட துருவமாக்கம் (ஒளி அலை அதிர்ற திசை) மாறாது, ஐஸ் படிகத்துல பட்டா மாறும். ஆனா அடர்த்தியான தண்ணி மேகத்துக்குள்ள ஒளி பல தடவ சிதறினாலும் மாறும், அத பிரிச்சுப் பாக்குறதுதான் தலைவலி.

கேள்வி: கப்பல் போற பாதைல மேகம் கோடு கோடா வெளுக்குமாமே, உண்மையா?

உண்மைதான், எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது. 1960கள்லயே சாட்டிலைட் படத்துல அந்த கோடு தெரிஞ்சுது. கப்பல் புகைல இருக்கிற கந்தகத்துணுக்கு ஒவ்வொண்ணும் ஒரு துளிக்கு விதை, இருக்கிற தண்ணி அதே அளவுதான், அத அதிக துளிங்க பங்கு போட்டுக்கும்போது ஒவ்வொண்ணும் சின்னதாகும், மொத்த பரப்பு கூடும், மேகம் வெளுக்கும். ட்வோமி விளைவுன்னு பேரு. கலிபோர்னியா கரைக்கு அப்பால நல்லா தெரியும். 2020 ஜனவரி 1ல இருந்து கப்பல் எரிபொருள்ல கந்தக வரம்ப 3.5 சதவீதத்துல இருந்து 0.5க்கு கொறச்சதும் கோடுகளும் கொறஞ்சுது. 2014-15ல ஐஸ்லாந்து ஹோலுராவுன் எரிமலை கக்கினப்ப சுத்தியிருந்த மேகத்துல துளி சைஸ் கொறஞ்சத மோடிஸ் காட்டுச்சு, ஆனா மேகத்துல இருந்த மொத்த தண்ணி அளவு பெருசா மாறல. புகை சேர்ந்தா மேகம் தண்ணிய அதிகமா பிடிச்சு வச்சுக்கும்னு சொன்னவங்கள அது கொஞ்சம் யோசிக்க வச்சிருச்சு.

கேள்வி: துளி சைஸ வச்சு மழை வருமான்னு சொல்ல முடியுமா அண்ணே?

மேகத்தோட உச்சில துளி ஆரம் 14 மைக்ரான தாண்டினா தூறலுக்கு வாய்ப்புன்னு ஒரு தோராய விதி இருக்கு, சட்டம் இல்ல. நேரா பாக்கணும்னா ரேடார் வேணும். க்ளவுட்சாட் சாட்டிலைட்ல 94 கிகாஹெர்ட்ஸ் ரேடார் இருந்துச்சு, 2024 மே மாசம் போன எர்த்கேர் சாட்டிலைட்ல துளி விழற வேகத்தையும் அளக்குற ரேடார் இருக்கு.

கேள்வி: நம்ம இன்சாட்ல இதெல்லாம் பண்ணலாமா?

பண்ணலாம். 2024 பிப்ரவரில போன இன்சாட்-3டிஎஸ்லயும் கண்ணுக்கு தெரியுற அலைநீளம், 1.6, 3.9 மைக்ரான் எல்லாம் இருக்கு. 1.6ல உறிஞ்சல் கம்மி, ஒளி மேகத்துக்குள்ள ஆழமா போகும். 3.9ல பகல்ல சூரிய ஒளியும் மேகத்தோட சொந்த வெப்பமும் கலந்து வரும், வெப்பத்த கழிச்சுட்டுதான் கணக்கு. 36,000 கிலோமீட்டர்ல இருந்து ஒரே இடத்த திரும்பத் திரும்ப பாக்குறதுதான் இதோட பலம், மேகம் வளர்றத கூடவே பாக்கலாம்.

கேள்வி: எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு மோடிஸ் டேட்டா எடுத்துட்டேன், எங்க ஏமாறுவேன்?

உதிரி உதிரியா இருக்கிற மேகத்துல. ஒரு பிக்சல்ல பாதி மேகம் பாதி கடல்னா துளி நெசத்த விட பெருசா வரும், மேகம் ஒண்ணு மேல ஒண்ணு நிழல் போட்டாலும் அதே கதை. நமீபியா கரை பக்கம் எடுத்திருந்தா இன்னும் உஷார், அங்க காட்டுத்தீ புகை மேகத்துக்கு மேல மெதக்கும், மேகம் மங்கலா தெரியும், அடர்த்தி கம்மின்னு விடை வந்துரும். ஃபைல்லயே 1.6, 2.1, 3.7 மைக்ரானுக்கு தனித்தனியா துளி ஆரம் இருக்கும். 3.7 மேகத்தோட உச்சிய பாக்குது, ஒழுங்கா வளர்ற மேகத்துல அதுதான் மூணுலயும் பெருசா வரணும். உங்க டேட்டால 2.1 அத விட நல்லா பெருசா வந்துச்சுன்னா அந்த பிக்சல்கள தனியா எடுத்து வச்சு, உதிரி மேகமா, தூறலா, இல்ல மேல மெல்லிசா ஐஸ் மேகம் படிஞ்சிருக்கான்னு படத்த போட்டு பாத்துட்டு அப்புறமா கிராஃப் வரைங்க.