இரவுக் கண்ணாடி வாங்கும் முன்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டை செட்டியார் தெருக் கடைக்கு இன்னமும் தானே கார் ஓட்டிப் போகிறார். சாரதி அனுமதிப்பத்திரம் அடுத்த மாதம் காலாவதியாகிறது. இரவில் எதிரே வரும் வெளிச்சம் கூசுகிறது என்று மஞ்சள் நிற ‘இரவுக் கண்ணாடி’ ஒன்று வாங்கியிருக்கிறார். மருத்துவச் சான்றிதழை அலையாமல் எடுத்துத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சான்றிதழ் வழங்குவது தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனம். அப்பாவே நேரில் போய்ப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். போலிச் சான்றிதழில் புதுப்பித்துவிட்டு, நாளை விபத்து ஒன்று நடந்தால் பொலிஸுக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் என்ன பதில் சொல்வீர்கள்?

எனக்கு அதைவிடக் கவலை தருவது அந்த மஞ்சள் கண்ணாடிதான். இந்த வயதில் வெளிச்சம் கூசினால் முதலில் கண்புரையைச் சந்தேகிக்க வேண்டும். கண்ணின் வில்லை மங்கும்போது முன்விளக்கின் ஒளி அதில் பட்டுச் சிதறுகிறது. ஒற்றை விளக்கு பூவாக விரிந்து, பக்கத்தில் நிற்கும் ஆளை மறைத்துவிடுகிறது. நிறக் கண்ணாடியோ ஏற்கெனவே குறைவாக உள்ள வெளிச்சத்தை இன்னும் குறைக்கும். என் பெரியப்பாவும் இப்படி ஒன்றை நம்பியிருந்தார். மழை இரவொன்றில் பாதசாரிக் கடவையில் குடையோடு நின்ற பெண்ணை, நான் கத்திய பிறகுதான் கண்டார். பகலில் அவர் பத்திரிகையின் பொடி எழுத்தைக்கூடத் தடையின்றி வாசிப்பவர்.

ஆகவே சான்றிதழுக்குப் போகும் முன்பே கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். லிப்டன் சுற்றுவட்டத்தருகே உள்ள தேசிய கண் வைத்தியசாலை அரசாங்கத்தினுடையது. கட்டணம் இல்லை, காத்திருக்கப் பொறுமை வேண்டும். கண்புரையென்றால் சத்திரசிகிச்சையில் சரியாகும். கண் அழுத்த நோயையும் பார்க்கச் சொல்லுங்கள். அது வலியில்லாமல் பக்கப் பார்வையைத் தின்றுவிடும், இழந்தது திரும்பாது.

நீரிழிவுக்கு மருந்து எடுக்கிறார் என்றால் குடும்ப வைத்தியரிடம் அதையும் பேசுங்கள். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கலாம். ஸ்டியரிங் பிடித்த கை நடுங்கும், புத்தி தடுமாறும். தடிமனுக்கு எடுக்கும் சில மாத்திரைகளும் தூக்கம் தருபவை.

இலகு வாகன அனுமதிப்பத்திரம் பொதுவாக 8 ஆண்டுகளுக்குச் செல்லும். இன்று 71இல் தேறியவருக்கு 75இல் அதே கண் இருக்காது. வருடம் ஒருமுறை நீங்களே பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

வைத்தியர் பார்க்கும்வரை பொழுது சாய்ந்தபின் அப்பா ஓட்ட வேண்டாம். புறக்கோட்டையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் காலி வீதி வழியே வெள்ளவத்தையில் இறங்கிவிடலாம்.