மேப்பிள் தூதுவராக விரும்பும் மகள்: கனடாவின் மார்க்கம் நகரத் தாயொருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

பதினொராம் வகுப்பில் படிக்கும் மகள் மேப்பிள் மரத்து நீரைக் காய்ச்சிப் பாணியாக்கும் காலத்தில் நடக்கும் மேப்பிள் விழாவொன்றுக்கு, அதைப் பற்றிச் சனத்துக்கு எடுத்துச் சொல்லும் இளையோர் தூதுவராக விண்ணப்பிக்கக் கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "மெடிசினுக்குப் போக வேண்டிய பிள்ளை, தோளில் பட்டி கட்டிக்கொண்டு சனத்துக்கு முன்னால் நின்று பாணி விற்கிறதா?" என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன். உங்கள் பயம் விளங்குகிறது. ஆனாலும் பிள்ளையை விடுங்கள் என்றுதான் சொல்லப்போகிறேன், இரண்டு நிபந்தனைகளோடு.

முதலில் அந்தப் பட்டி. அமெரிக்காவின் மயர்ஸ்டேல் போன்ற ஊர்களில் மேப்பிள் ராணி என்ற மரபு உண்டு. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் விவசாயக் கண்காட்சிகளிலும் முன்பு ராணிதான். பல ஊர்கள் அந்தப் பெயரைக் கைவிட்டுத் தூதுவர் என்று மாற்றிவிட்டன, பெடியளும் விண்ணப்பிக்கிறார்கள். நேர்முகம், தயார்செய்த பேச்சு, மேடையிலேயே கேட்கும் கேள்விக்கு உடனடிப் பதில் ஆகியவற்றை வைத்துத் தெரிவுசெய்கிறார்கள். ஊர்க் கண்காட்சித் தூதுவர்கள் ஓகஸ்டில் ரொறன்ரோவின் பெரிய கண்காட்சியான சி.என்.இ.யில் (கனடிய தேசியக் கண்காட்சி) கூடிப் போட்டியிடுவதும் இதே முறையில்தான். மருத்துவக் கல்லூரி நேர்முகத்திலும் பிள்ளை அந்நியருக்கு முன்னால் இருந்து, எதிர்பாராத கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லத்தானே வேண்டும்?

முதல் நிபந்தனை: விண்ணப்பிக்க முன்னர் பாணி காய்ச்சுவதை அவள் ஒரு முழுநாள் நின்று பார்க்க வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து ஸ்டூவில் பக்கம் இருக்கும் புரூசஸ் மில் பூங்கா கிட்டத்தான்; மார்ச்சில் அங்கே மேப்பிள் விழா நடக்கும். இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில் மட்டும் மரத்தில் நீர் ஓடும். அதை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் தண்ணீர் போலிருக்கும், அதில் சீனி இரண்டு வீதமளவுதான். 40 லீற்றர் நீரைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி. கொதிநிலை தண்ணீருடையதைவிட 4 பாகை செல்சியஸ் கூடும்போது, சீனி 66 வீதத்தைத் தொடும்போது இறக்க வேண்டும். முந்தினால் பூஞ்சணம் பிடிக்கும், பிந்தினால் அடியில் கற்கண்டாகப் படியும். அனுபவசாலி அகப்பையைத் தூக்கிச் சரித்துப் பார்ப்பார். பாணி சொட்டாமல் விளிம்பில் தகடு போலத் தொங்கினால் பதம் வந்துவிட்டது. ஊரில் பனையின் கருப்பநீரைக் காய்ச்சி, குட்டான் என்ற சிறு ஓலைப்பெட்டியில் வார்த்ததைப் பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இதை மகளுக்கு என்னைவிட நன்றாக விளக்குவார்கள்.

இதை ஏன் வற்புறுத்துகிறேன்? சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த மாணவி ஒருத்தி பேச்சை அழகாக மனனம் செய்து போனாள். முன்வரிசையில் இருந்த வயதான பண்ணையாளர் ஒருவர், "மொட்டு விரியத் தொடங்கியதும் நீர் எடுப்பதை ஏன் நிறுத்திவிடுகிறோம்?" என்று கேட்டார். மொட்டு விட்டால் நீரின் சுவை கெட்டுவிடும், அவ்வளவுதான் பதில். அவளுக்குத் தெரியவில்லை. தெரிவாகாததைவிட அந்தக் கேள்விக்கு முன்னால் நின்ற அரை நிமிடம்தான் அவளை வருத்தியது. அந்த வருத்தத்தோடு அடுத்த மார்ச் முழுவதும் ஒரு பண்ணையில் போய் நின்றாள். இப்போது குவெல்ப் பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானம் படிக்கிறாள்.

தூதுவரிடம் சனம் கேட்பவை பெரும்பாலும் இப்படியானவைதான். மரத்துக்கு நோகாதா? ஏன் இந்த விலை? இதைக் கண்டுபிடித்தவர் யார்? கடைசிக் கேள்விக்குக் குடியேறிய ஐரோப்பியரின் பெயரைச் சொன்னால் பிழை. இந்த மண்ணின் பூர்வகுடிகளான அனிஷினாபே, ஹோடினோஷோனி மக்கள் அவர்களுக்கு முன்பே இந்த நீரைக் காய்ச்சினார்கள், அதை மேடையில் சொல்லாத தூதுவரை நான் நல்ல தூதுவர் என்று சொல்லமாட்டேன். இன்னுமொரு கேள்வி நிச்சயம் வரும்: "இது இயற்கையானது, சீனி வருத்தக்காரர் சாப்பிடலாம்தானே?" விற்பனை கூடட்டும் என்று தலையாட்டக் கூடாது. இதுவும் சீனிதான், வைத்தியரைக் கேளுங்கள் என்று சொல்லும் துணிவு வேண்டும். பதினாறு வயதில் அந்த நேர்மை பழகினால் பின்னாளில் மருத்துவராக வந்தாலும் கைகொடுக்கும்.

இரண்டாவது நிபந்தனை காலம் பற்றியது. இந்த வருடமே செய்யட்டும், பன்னிரண்டாம் வகுப்பில் வேண்டாம். மேப்பிள் காலம் பெப்ரவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரலில் முடியும். சனி, ஞாயிறுகளில் அவளை ஏற்றி இறக்கப் போவது நீங்களும் கணவரும்தான், அதற்கு உடன்பாடு இருக்கிறதா என்று இப்போதே பேசுங்கள். பள்ளிக்கூடம் முடிக்கும் டிப்ளோமாவுக்கான 40 மணிநேரச் சமூகப்பணியில் இது சேருமா என்பதைப் பள்ளிக்கூட ஆலோசகரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். இலாபத்துக்கு நடக்கும் பண்ணையில் செய்த வேலை பொதுவாகச் சேராது. செய்து முடித்துவிட்டுக் கேட்டு ஏமாந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இதனால் வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். பட்டியினால் கிடைக்காது. ஆனால் உலக மேப்பிள் பாணியில் 70 வீதத்துக்கு மேல் கனடாவிலிருந்துதான் போகிறது, அதில் 90 வீதமளவு பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில். அந்தத் தொழிலுக்கு வனவியலாளர், தரப் பரிசோதகர், ஏற்றுமதி செய்பவர், பிரெஞ்சும் ஆங்கிலமும் கதைக்கக்கூடிய விற்பனையாளர் எல்லோரும் தேவை. உங்கள் மகள் பிரெஞ்சு இமர்ஷனில் (பாடங்களையே பிரெஞ்சில் படிப்பிக்கும் திட்டம்) படிக்கிறாள் என்று கடிதத்தின் அடியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். அவள் பேச்சில் ஒரு பகுதியைப் பிரெஞ்சில் வைக்கட்டும்.

பேச்சை எழுதியதும் முதலில் அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். அவருக்குச் சீனி வருத்தம் என்று எழுதியிருந்தீர்கள், அந்தக் கேள்வியை அவரே கேட்பார். அம்மம்மாவுக்கு விளங்கிய பிறகு எனக்கு அனுப்பட்டும், வாசித்துத் திருத்தித் தருகிறேன்.