காசு முன்பே வந்துவிட்டது

அன்புள்ள ஐயா,

பேஸ்பால் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். 1876இல் அமெரிக்காவில் நேஷனல் லீக் என்ற அணிகளின் கூட்டமைப்பு வந்த பிறகுதான் அந்த ஆட்டத்தில் காசு புகுந்தது, அதுவரை ஆசைக்காக ஆடியவர்கள் சம்பளத்துக்கு ஆட ஆரம்பித்தார்கள் என்று புரிந்துகொண்டேன். சரிதானா?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

காசு அதற்கு முன்பே வந்துவிட்டது, கொல்லைப்புறம் வழியாக. 1860களில் ஆட்டக்காரர் பணம் வாங்கக் கூடாது என்று விதி இருந்தது. நல்ல ஆட்டக்காரர் கிடைத்தால் எங்காவது பெயருக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்துச் சம்பளம் தருவார்கள். 1869இல் விதி தளர்ந்ததும் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் என்ற அணி அதையே ஒளிவுமறைவில்லாமல் செய்தது. அணியை நடத்திய ஹாரி ரைட் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர், நியூயார்க்கில் கிரிக்கெட் ஆடிச் சம்பாதித்தவர். சம்பளத்துக்கு ஆடுவது அவருக்குப் புதிதல்ல. அதே அணியில் ஆடிய தம்பி ஜார்ஜுக்கு ஒரு சீசனுக்கு 1,400 டாலர் கொடுத்தார்கள். அந்த ஆண்டு முழுக்க அந்த அணி தோற்கவே இல்லை. 1870 ஜூனில் புரூக்ளினில் முதல் தோல்வி. ஆண்டு முடிவில் செலவு கட்டுப்படியாகவில்லை என்று நிர்வாகம் கைகழுவிவிட்டது. ஹாரி பாஸ்டனுக்குப் போனார், அணியின் பெயரையும் கூடவே கொண்டுபோனார்.

1871இல் வந்த நேஷனல் அசோசியேஷன் ஆட்டக்காரர்களின் சங்கம்; சம்பள அணிகளின் போட்டி அதன் பெயரில்தான் நடந்தது. 10 டாலர் கட்டினால் எந்த அணியும் சேரலாம். கையில் காசு தீர்ந்த அணி பாதியில் நின்றுவிடும், ஆட்டக்காரர்கள் அணி விட்டு அணி தாவுவார்கள், சூதாட்டக்காரர்கள் மைதானத்திலேயே கடை விரிப்பார்கள். 1872 முதல் 1875 வரை கோப்பை பாஸ்டனுக்குத்தான். 1875இல் 71 வெற்றி, 8 தோல்வி. மற்ற ஊர்க்காரர்கள் எதற்கு டிக்கெட் வாங்க வேண்டும்?

இந்தச் சீர்கேட்டை ஒழிக்க வந்ததாகச் சொன்னவர் சிகாகோ அணியின் பொறுப்பில் இருந்த வியாபாரி வில்லியம் ஹல்பர்ட். அவர் செய்த முதல் காரியத்தைப் பாருங்கள். 1875 சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே பாஸ்டனின் ஆல்பர்ட் ஸ்பால்டிங் உட்பட நான்கு பேரை அடுத்த ஆண்டுக்குத் தன் அணியில் ஆட ரகசியமாக ஒப்பந்தம் செய்தார். அது விதிமீறல். அசோசியேஷன்காரர்கள் தன்னை வெளியேற்றிவிடுவார்களோ என்ற பயம் வந்தது. அவர்கள் வெளியேற்றுவதற்குள், 1876 பிப்ரவரி 2 அன்று நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் கிளப் உரிமையாளர்களைக் கூட்டி நேஷனல் லீக்கைத் தொடங்கிவிட்டார். கெட்டிக்காரர்தான்!

அப்புறம் 1879இல் உரிமையாளர்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: ஒவ்வொரு கிளப்பும் ஐந்து பேரைத் தனக்கென்று ஒதுக்கிவைத்துக்கொள்ளும், அவர்களை வேறு எந்தக் கிளப்பும் எடுக்கக் கூடாது. ஹல்பர்ட் பாஸ்டனுக்குச் செய்ததை இனி யாரும் யாருக்கும் செய்ய முடியாது. சில ஆண்டுகளில் இந்தப் பிடி ஏறக்குறைய மொத்த அணிக்கும் பரவியது. ஆகவே 1876இல் வந்தது காசு அல்ல, முதலாளி.

ஆட்டக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. சட்டம் படித்திருந்த ஜான் மாண்ட்கோமரி வார்ட் தலைமையில் 1890இல் பிளேயர்ஸ் லீக் என்று தனியாக ஆரம்பித்தார்கள். நேஷனல் லீக்கைவிடக் கூட்டமும் அதிகம் வந்தது. ஆனால் பணம் போட்டவர்கள் நஷ்டத்தைப் பார்த்துப் பயந்து, ஒரே சீசனில் எதிர்த்தரப்போடு பேசி முடித்துக்கொண்டார்கள். ஒதுக்கிவைக்கும் அந்த ஏற்பாடு 1975 வரை நீடித்தது.