இரண்டையும் சொல்லிக்கொடுத்தால் என்ன?

கேள்வி: அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பரிணாமப் பாடத்தை ஒட்டி நடந்த சண்டையைப் பற்றிப் போன இதழில் காரமாக எழுதியிருந்தீர்கள். உயிர்களைக் கடவுளே படைத்தார் என்பதைப் பள்ளியிலும் வலியுறுத்தும் படைப்புவாதிகள் கேட்டது, 'பரிணாமத்தின் குறைகளையும் சொல்லுங்கள், பிள்ளைகளே முடிவு செய்யட்டும்' என்பதுதானே? அதில் என்ன தப்பு?
— ஒரு வாசகர், தென்காசி

பதில்: அவர்கள் முதலில் கேட்டது அதுவல்ல.

அறிவியலில் எந்த வகுப்புப் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வகுக்கும் தரநிலையை எழுத, விஞ்ஞானிகளும் ஆசிரியர்களுமாக 27 பேர் கொண்ட குழுவை அங்கே போட்டிருந்தார்கள். குழு கொடுத்த வரைவை மாநிலக் கல்வி வாரிய உறுப்பினர்கள் சிலர் ஓரங்கட்டிவிட்டு, படைப்புவாத அமைப்பைச் சேர்ந்த ஒருவரின் உதவியோடு தாங்களே வேறொன்றை எழுதினார்கள். 1999 ஆகஸ்டில் 6-க்கு 4 என்ற வாக்கில் அது நிறைவேறியது. ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனம் உருவாவது, பிரபஞ்சம் தோன்றிய பெருவெடிப்பு, பூமியின் வயது எல்லாம் வெளியே போயின. இதில் 'இரண்டையும்' எங்கே இருக்கிறது? ஒன்றை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

'தடை போடவில்லையே, விரும்புகிற ஆசிரியர் நடத்தலாமே' என்றார்கள். உண்மைதான். ஆனால் தரநிலையில் இல்லாதது மாநிலத் தேர்வில் வராது. தேர்வில் வராத பாடத்தைப் பள்ளிகள் என்ன செய்யும் என்று நம் ஊரில் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2000-ல் நடந்த வாரியத் தேர்தலில் ஆட்கள் மாறி, 2001-ல் பரிணாமம் திரும்பி வந்தது. 2004 தேர்தலில் படைப்புவாதிகளின் கை மறுபடி ஓங்கியது. நீங்கள் சொல்கிற 'குறைகளையும் சொல்லுங்கள்' பேச்சு முன்னுக்கு வந்தது அப்புறம்தான். 2005 மே மாதம், புதுத் தரநிலைக்காக ஒரு குழு எழுதிய வரைவை ஒட்டி, டொபீகா நகரில் விசாரணை வைத்தார்கள். விஞ்ஞானிகள் புறக்கணித்துவிட்டார்கள். அறிவியல் தரப்புக்காக வந்த வழக்கறிஞர், பரிணாமத்தைக் குறை சொல்ல வந்த சாட்சிகளைக் கேட்டார்: பூமிக்கு என்ன வயது? 450 கோடி ஆண்டுகள் என்றவர்களும் இருந்தார்கள், சில ஆயிரம் ஆண்டுகளாகவும் இருக்கலாம் என்றவர்களும் இருந்தார்கள். குழு எழுதிய வரைவை முழுசாகப் படித்தீர்களா என்றும் கேட்டார். பலர் இல்லை என்றார்கள். படிக்காத வரைவைத் திருத்த வந்தவர்கள் அவர்கள்.

அந்த நவம்பரில் மறுபடி 6-க்கு 4. என்னை அதிகம் கோபப்படுத்தியது, அறிவியல் என்றால் என்ன என்ற வரையறையையே மாற்றியதுதான். நாம் காண்பவற்றுக்கு 'இயற்கையான விளக்கம்' தேடுவது அறிவியல் என்று குழு எழுதியிருந்தது. அந்தச் சொற்கள் போய், 'இன்னும் பொருத்தமான விளக்கம்' என்று வந்தது. சின்ன மாற்றம் போலத் தெரியும். ஒரு மருந்துக்கு நேற்று அடங்கிய கிருமி இன்று ஏன் அடங்கவில்லை என்று ஒரு பிள்ளை கேட்கிறது என்று வையுங்கள். மருந்துக்குத் தப்பிய சில கிருமிகள் பெருகிவிட்டன என்றால், அதைச் சோதனைத் தட்டில் வளர்த்துப் பார்க்கலாம், தப்பு என்றும் காட்டலாம். படைத்தவர் அப்படி நினைத்தார் என்றால் எந்தத் தட்டில் வைத்துப் பார்ப்பது? நம்புகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. பள்ளிப் பாடம் பற்றிய டோவர் வழக்கில் பரிணாமத்துக்காகச் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர்.

பென்சில்வேனியாவின் டோவர் ஊரில் நடந்த அந்த வழக்கில் வெளிவந்த ஒரு சங்கதி உண்டு. உயிர்களை ஏதோ ஓர் அறிவு திட்டமிட்டு வடிவமைத்தது என்கிற 'அறிவார்ந்த வடிவமைப்பு' கருத்துக்காகப் பள்ளியில் பரிந்துரைத்த புத்தகத்தின் பழைய வரைவுகளை நீதிமன்றத்தில் வைத்தார்கள். அவற்றில் 'படைப்பு' என்றே இருந்தது. பள்ளிகளில் படைப்பு அறிவியலைக் கட்டாயமாக்கிய சட்டத்தை 1987-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, அதே இடங்களில் 'வடிவமைப்பு' ஏறியிருந்தது. 2005 டிசம்பரில் நீதிபதி ஜான் ஜோன்ஸ், இது அறிவியல் அல்ல, மதம் என்று தீர்ப்பு எழுதினார். அவர் பழமைவாதிகளின் ஆதரவு பெற்ற அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்த நீதிபதி.

கான்சாஸில் பரிணாமம் ஒழுங்காகத் திரும்பியது 2007 பிப்ரவரியில். பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்கிறீர்களே, 1999-ல் ஐந்தாம் வகுப்புக்குப் போன பிள்ளை அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருந்திருக்கும். அதற்குள் அதன் அறிவியல் தரநிலையை நான்கு முறை மாற்றியிருந்தார்கள்.