செஃபிக்ஸைம் ஏன் கேட்கவில்லை: உங்கள் தாயாரின் கல்ச்சர் அறிக்கை குறித்து

வணக்கம். சிறுநீர்த் தொற்றுக்காக உங்கள் தாயார் ஐந்து நாட்கள் செஃபிக்ஸைம் 200 மி.கி. மாத்திரையை வேளை தவறாமல் எடுத்தும் எரிச்சல் குறையவில்லை என்றும், கல்ச்சரில் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியா வளர்ந்திருக்க, அம்மருந்தின் பெயரே அறிக்கையில் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை போலியோ என்று ஐயப்பட இதில் காரணமில்லை. இந்தக் கிருமி செஃபிக்ஸைமுக்கு இயல்பிலேயே கட்டுப்படாதது என்பதால்தான் ஆய்வகம் அதைச் சோதிக்கவில்லை.

பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டப் பயன்படுத்தும் புரதங்களை, செஃபிக்ஸைம் அடங்கிய செஃபலோஸ்போரின் வகை மருந்துகளின் பீட்டா-லாக்டம் வளையம் என்ற வேதிப்பகுதி பற்றி முடக்குவதால், சுவர் பலவீனமாகிக் கிருமி மடிகிறது. சிறுநீர்த் தொற்றுக்கு மிகுதியும் காரணமான ஈ.கோலையிடம் செஃபிக்ஸைம் நன்றாக வேலை செய்யக்கூடும் (இம்மருந்துகளைச் சிதைக்கும் ஈ.எஸ்.பி.எல். நொதியைச் சுரக்கும் வகைகள் நீங்கலாக), ஆகவே முடிவு வருமுன் மருத்துவர் அதைத் தொடங்கியதில் தவறில்லை. என்டரோகாக்கஸிடமோ, செஃபலோஸ்போரின்கள் எளிதில் ஒட்டாத, சுவர் கட்டும் புரதம் ஒன்று இருப்பதால், மற்றவை முடங்கினாலும் சுவர் வேலை நிற்பதில்லை. இதே காரணத்தால், அதே வகையைச் சேர்ந்த செஃப்ட்ரையாக்ஸோன் ஊசிக்கு மாறுவதும் பயன் தராது.

உங்கள் அறிக்கையில் ஆம்பிசிலினுக்கும் நைட்ரோஃபுரான்டாயினுக்கும் ‘எஸ்’ (கிருமி அம்மருந்துக்குக் கட்டுப்படும்) என்று இருப்பது உண்மையிலேயே ஆறுதலான செய்தி. அறிக்கையை இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆம்பிசிலின் பென்சிலின் வகை என்பதால் பென்சிலின் ஒவ்வாமை முன்பு இருந்ததா என்பதையும், நைட்ரோஃபுரான்டாயினுக்குச் சிறுநீரகம் சீராக இயங்க வேண்டும் என்பதால் சிறுநீரக இயக்கத்தைக் காட்டும் கிரியேட்டினின் என்ற இரத்தப் பரிசோதனை அளவையும் சொல்லுங்கள். குளிர்காய்ச்சலோ விலாவலியோ வாந்தியோ தொடங்கினால் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.