டி செல் தாக்கினால் பி செல்லை ஏன் அழிக்க வேண்டும்?

கேள்வி: என் தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். டி செல்கள்தான் நரம்பைத் தாக்குகின்றன என்று படித்தேன். டாக்டரோ பி செல்களை அழிக்கும் ஊசி போடலாம் என்கிறார். அதற்குப் பதில் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மாத்திரை கொடுத்தால் என்ன?
- ஒரு வாசகி

பதில்: மாத்திரையை முதலில் ஓரங்கட்டுங்கள். இந்த நோயில் எதிர்ப்பு சக்திக்குக் குறைவில்லை, அது ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே அடிப்பதுதான் பிரச்னை. அதை மேலும் உசுப்பிவிட்டு என்ன லாபம்?

நீங்கள் படித்தது தப்பில்லை. டி செல், பி செல் இரண்டுமே எதிர்ப்பு சக்தியின் படைவீரர்களான வெள்ளை அணுக்கள். நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையை அந்நியப் பொருளாக நினைத்துக்கொள்ளும் டி செல்கள், மூளைக்கு வெளியே எங்கோ விழித்துக்கொண்டு, ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி, இடுக்கு வழியாக நுழைந்து, உள்ளே போனதும் ரசாயனங்களைச் சுரந்து மற்ற செல்களையும் துணைக்கு அழைத்துக்கொள்கின்றன. உறை உரிந்த இடத்தில் நரம்புச் செய்தி தடுமாறும். பார்வை நரம்பில் நடந்தால் ஒரு கண் மங்கி, கண்ணை அசைத்தாலே வலிக்கும்; தண்டுவடத்தில் நடந்தால் கால் மரத்துப்போகும்.

சரி, பி செல் எங்கே வந்தது? அதன் வேலை ஆன்டிபாடி (கிருமியைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) தயாரிப்பது மட்டும்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2008-ல் வெளியான ரிட்டுக்ஸிமாப் மருந்து ஆய்வில் பி செல்களை ஒழித்துப் பார்த்தபோது, சில வாரங்களிலேயே எம்ஆர்ஐயில் புதிய புண்கள் வெகுவாகக் குறைந்தன. வேடிக்கை என்னவென்றால், பி செல்லிலிருந்து உருவாகி ஆன்டிபாடியைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களை இந்த மருந்து தொடுவதே இல்லை! அப்படியென்றால் பி செல் செய்த கெடுதல் வேறு. மயலின் துணுக்குகளை டி செல்லிடம் காட்டி, 'இதை அடி' என்று தூண்டிவிடும் வேலையையும் அதுதான் பார்க்கிறது. தூண்டுகிற ஆளை அகற்றினால் அடிக்கிறவனும் அடங்குகிறான். ஆக, உங்கள் டாக்டர் சொல்வதில் முரண்பாடு எதுவும் இல்லை. இதே வழியில் வேலை செய்யும் ஆக்ரிலிசுமாப் 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இன்னொன்று, இந்த நோயோடு நெருங்கிய தொடர்புள்ளதாக 2022-ல் பெரிய ஆய்வொன்று காட்டிய எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஒளிந்திருப்பதும் பி செல்லுக்குள்தான். ஆனால் பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் அந்த வைரஸ் இருக்கிறது, நோய் வருவதோ வெகு சிலருக்கு, எனவே அதை மட்டும் குற்றவாளியாக்க முடியாது.

இந்த ஊசி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்றும் எண்ணாதீர்கள். திடீர் தாக்குதல்களை நன்றாகக் குறைக்கும், ஆனால் மூளையிலேயே குடியிருக்கும் மைக்ரோகிளியா என்ற எதிர்ப்பு செல்கள் உள்ளுக்குள் மெதுவாகச் செய்யும் சேதத்தை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. அப்புறம், ஊசிக்கு முன்பு ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம். தடுப்பூசிகள் பாக்கி இருந்தால் இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் பி செல் ஒழிந்தபிறகு போடும் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. உயிருள்ள கிருமி கொண்டவற்றை ஊசிக்குக் குறைந்தது 4 வாரம் முன்பே போட்டு முடித்திருக்க வேண்டும்.