வீட்டிலேயே பபிள்ஸ் தண்ணீர் செய்தால் குமிழி ஊதுவதற்குள் உடைந்துவிடுகிறதே, ஏன்?

பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். சோப்புக் கட்டியைக் கரைத்தால் அது திரிதிரியாகத் திரிந்து மேலே மிதக்கும். அதில் குமிழி நிற்காது. கேன் தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுங்கள். சோப்புக்குப் பதில் பாத்திரம் கழுவும் லிக்விட்.

ஒரு டம்ளர் (200 மி.லி.) தண்ணீருக்கு லிக்விட் 2 மேசைக்கரண்டி, கிளிசரின் ஒரு மேசைக்கரண்டி. கிளிசரின் மருந்துக் கடையில் கிடைக்கும். குமிழியின் தோல் என்பது நடுவில் தண்ணீர், இருபுறமும் சோப்புப் படலம். நடுவிலுள்ள தண்ணீர் வடிந்தோ காய்ந்தோ போனால் உடைந்துவிடும். கிளிசரின் அது காய்வதைத் தாமதப்படுத்துகிறது. சர்க்கரையும் ஓரளவு உதவும், ஆனால் தரையெல்லாம் பிசுபிசுப்பு, அப்புறம் எறும்பு!

நுரை எழாமல் மெதுவாகக் கலக்குங்கள். நுரை வந்தால் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். ஓர் இரவு மூடி வைத்தால் இன்னும் நன்றாக வரும்.

ஊத பப்பாளி இலைக் காம்பு போதும். வெட்டியதும் வடியும் பாலைக் கழுவிவிட்டுக் கொடுங்கள், பட்டால் சிலருக்கு அரிக்கும். சின்னப் பிள்ளைகள் ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிவிடுவார்கள். அவர்களுக்குக் கம்பியை வளையமாக வளைத்து, நுனியை மடக்கிக் கொடுத்து வீசச் சொல்லுங்கள்.

மதிய வெயிலில் முயன்று ஏமாறாதீர்கள். மழை விட்ட சாயங்காலம், காற்றில் ஈரம் இருக்கும்போது, அதே தண்ணீரில் குமிழி மொட்டைமாடிச் சுவரைத் தாண்டிப் போகும்.